பூநாரை நம்பிய வேலி

1

இந்தக் கதை அக்காவிடம் நான் வாங்கிய திட்டில் பிறந்தது. வேறொரு கதையில் "புறா பெருமூச்சு விட்டது" என்று எழுதிவிட்டு அவளிடம் காட்டினேன்.

"பெருமூச்சுக்கு உதரவிதானம் வேணும்டா. புறாவுக்கு அது கிடையாது. அடிச்சிடு."

அவள் பிழைப்பே அதுதான். உயிரியல் சொற்களை, பொதுவானது மேல்சொல், அதன் வகைகள் கீழ்ச்சொல் என்று அடுக்கிவைத்த மாபெரும் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதை அந்தச் சொற்களின் கீழ்தான் பதிகிறார்கள். எந்தச் சொல் எந்த உயிருக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று வேலி போடுவது அக்கா. வேலி இல்லையென்றால், மரபணு கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பதற்காகத் தக்காளிச் செடிக்கும் தாய்ப்பால் சுரப்பதாகக் கணினி கூசாமல் எழுதிவைக்கும்.

2

தொடக்கம், முதல் வரைவு: அன்று காலை வானம்—

வேண்டாம். அவள் அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாவது: அன்று மாலை புதிய பதிப்பு வெளியாக வேண்டும். மதியம் புறாக்களை ஆராய்கிறவர் ஒருவர் போன் செய்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் புறாக்காரர்.*

"மேடம், என் பதிவு எல்லாத்தையும் உங்க சிஸ்டம் தள்ளிவிடுது. பறவை பால் ஊட்டாதாம்."

"ஊட்டாதே சார்."

"என் புறா ஊட்டுதே. ஆண் புறாவும் ஊட்டுது. தொண்டைப் பையில சுரக்குது. வேணும்னா வந்து பாருங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. (வரைவைப் படித்த அக்கா: "அதெல்லாம் இல்ல. எந்த வேலின்னு தேடிட்டு இருந்தேன்.") தேடியவள் கண்டுபிடித்தாள். 'பாலூட்டிகளுக்கு மட்டும்' என்ற வேலியை 'முலைப்பால் சுரத்தல்' என்ற சொல்லுக்குப் போட்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு படி மேலே, 'உடலில் சுரப்பதைப் பிள்ளைக்கு ஊட்டுதல்' என்ற சொல்லுக்குப் போட்டுவிட்டாள். மேலே போட்ட வேலி கீழே உள்ள சொற்கள் அத்தனையையும் வளைத்துக்கொள்ளும். அவள் கை தவறியது ஒரே ஒரு படி, வெளியே நின்றது பறவைக் கூட்டம் முழுவதும்.

* அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்வதில்லை.

3

முடிவு அ: புறாவுக்கு மட்டும் விலக்கு. இது மேலதிகாரியின் யோசனை. "ஒரு வரி சேர்த்து அனுப்பிடும்மா. யார் கேக்கப் போறா?"

முடிவு ஆ: வேலியை எடுத்துவிடுவது. தக்காளி காத்துக்கொண்டிருக்கிறது.

நடந்தது வேறு. பதிப்பை நிறுத்தச் சொன்னாள். வேலியை ஒரு படி இறக்கினாள். பழைய வேலியால் தள்ளுபடியான பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். [இங்கே அவளைப் புகழ்ந்து ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டாள். ஒரு வரியை மட்டும் கெஞ்சிக் காப்பாற்றினேன்: இத்தனை உயிருக்கும் நியாயம் பார்க்கிறவள் எனக்கு அக்காவாக வாய்த்தது என் பாக்கியம்.]

புறாக்காரர் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார் என்று முடிக்கப் பார்த்தேன்.

"நன்றியா? இதுக்கு இவ்வளவு நேரமான்னு கேட்டார்."

4

அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் தள்ளுபடியானவற்றுக்குள் பூநாரையைப் பற்றி ஒரு பதிவு கிடந்தது. பூநாரையும் அப்படித்தான் குஞ்சுக்கு ஊட்டுமாம். அனுப்பியவள் ஒரு மாணவி. அவள் போன் செய்யவில்லை, சண்டைக்கு வரவில்லை. கணினி தள்ளியதும் பதிவைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு, காரணம் என்ற இடத்தில் 'நான் தவறாகப் பார்த்திருக்கலாம்' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு பதிவும் வரவில்லை.

"புறாக்காரர் சத்தம் போட்டார், தப்பிச்சார். இந்தப் பொண்ணு என் வேலிய நம்பிடுச்சேடா."

சொல்லிவிட்டு அழுதாள். (இதை மட்டும் அவள் அடிக்கவில்லை.)

பிறகு மாணவிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்: 'நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள். தவறு என்னுடையது. மறுபடி அனுப்புவீர்களா?'

பதிலையும் நானே எழுத ஆரம்பித்தேன். 'மிக்க மகிழ்ச்சி மேடம், இதோ—'

"அத நீ எழுதாத. அது அவ எழுத வேண்டியது."

சரி, எழுதவில்லை. வாசகரே, நீங்களும் ஒருமுறை கண்ணால் கண்டதைச் சொல்லி, அப்படியெல்லாம் இருக்காது என்று யாரோ சொன்னதும் வாயை மூடிக்கொண்டவராக இருந்தால், அக்கா கேட்டது உங்களையும்தான். பதிலை நீங்கள் எழுதுங்கள்.