பவுடர் பூசிய தொட்டி

மண்வாரி வண்டி தாய்லாந்தின் குவே நொய் ஆற்றங்கரைக்கு வந்ததும் புட்சரா அதன் முன்னால் போய் நின்றாள். உலகப் போரில் ஜப்பான்காரன் ரயில்பாதை போடப் பிடித்துவந்த கூலிகளை அடைத்துவைத்த முகாம் அங்கேதான் இருந்தது. இப்போது ஓட்டலுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த அதைச் சமப்படுத்தப் போகிறார்கள். அதே பாதை வேலையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு டவுனில் புல்வெளியும் பெயர் வெட்டிய கல்லும் உண்டு. கூலிக்கு ஒரு மூங்கில் குச்சிகூடக் கிடையாது. இடத்தைக் காப்பாற்றச் சொல்லிப் புட்சரா தொல்லியல் அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருந்தாள். "முகாம்னு காட்ட ஏதாவது தடயம் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தள்ளு தங்கச்சி. ஊரோட ஒரே பட்டதாரி என் சக்கரத்துல மாட்டினா பாவம் எனக்குத்தான்" என்றான் டிரைவர் சம்ரான்.

"பாவத்துக்குப் பயந்தா வண்டிய அணைச்சுட்டு இறங்குண்ணே!"

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடிப்புதரை ஒரு வாரு வாரினான். பாசி பிடித்த பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று தலைகாட்டியது. சட்டென்று வண்டியை அணைத்து, இறங்கிக் கும்பிட்டான்.

"இதுல யாரோ குடியிருக்காங்க. கேக்காம இடிக்க மாட்டேன். அதுவும் நாளைக்குக் குலுக்கல்!"

அவ்வளவுதான். ஆவிக்குப் படைக்க ஊரே ஊதுபத்தியும் சிவப்புச் சோடாவுமாக வந்து இறங்கிவிட்டது. பவுடர் பூசித் தேய்த்தால் ஆவி லாட்டரி நம்பர் காட்டுமாம். பவுடர் டப்பாவோடு எல்லோருக்கும் முன்னால் அவளுடைய அம்மா லம்யை.

"மானத்த வாங்காதம்மா! நான் இடத்தக் காப்பாத்தப் போராடறேன், நீ நம்பர் தேடறியா?"

"உன் வேலைய நீ பாரு, என் வேலைய நான் பாக்கறேன்."

லம்யை பாசியைச் சுரண்டிவிட்டுப் பவுடரைக் கொட்டி உள்ளங்கையால் தேய்த்தாள். தலைகள் குனிந்தன.

"எட்டு!"

"கண்ணுல கோளாறா? அது ஆறு!"

புட்சராவும் எட்டிப் பார்த்தாள். ஈரச் சிமெண்டில் யாரோ கீறி எழுதிய வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பள்ளத்தில் பவுடர் இறங்கி வெள்ளையாகத் தெரிந்தன. தாய் எழுத்தும் இல்லை, பர்மிய எழுத்தும் இல்லை.

"யாரும் துடைச்சுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

சோறு உண்ணும் நேரத்துக்கு அதிகாரியே கூப்பிட்டார். "தமிழ்ம்மா அது. மலாயாத் தோட்டத்துலேருந்து பிடிச்சுட்டு வந்தவங்க. எல்லாம் பேரு. முதல் பேரு சடையன். ஒரு கல்லும் நகரக் கூடாது, உங்க ஊர்த்தலைவர்கிட்ட நானே சொல்றேன்."

சம்ரான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். "சடையன்" என்று புட்சரா சொல்லிப் பார்த்தாள். நாக்கு சுளுக்கியது. மறுபடி சொன்னாள். பக்கத்தில் எட்டா ஆறா என்ற சண்டை ஓயவில்லை.

மறுநாள் அலுவலக ஆட்கள் தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது குலுக்கல் முடிவு வந்தது. எட்டும் இல்லை, ஆறும் இல்லை. ஊர் மொத்தமும் தோற்றுப்போயிருந்தது.

"அந்தப் புள்ளைய யாரும் திட்டாதீங்க" என்றாள் லம்யை. "அவன் மலாயாவுலேருந்து வந்தவன். நம்ம லாட்டரியப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

புட்சரா வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு சோடாவைத் திறந்து முதல் பெயருக்கு நேராக வைத்தாள்.

"மிச்சத்தையும் கொண்டாம்மா. கீழ நிறையப் பேரு இருக்காங்க."