தாள் ஒட்டிக்கொண்ட இடம்

எங்கள் ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைப் பாடியவள் நான். கிட்டார் என் அண்ணன். இரண்டாவது ஆல்பத்துக்கும் வரிகள் என்னுடையவை, மெட்டு அவனுடையது. ஒலிப்பதிவுக்குப் போன முதல் நாளே தயாரிப்பாளர் சொன்னார்: "இப்போதைக்கு கைடு மட்டும் பாடிடுங்கம்மா. ஒரிஜினலை அப்புறம் நிதானமா எடுத்துக்கலாம்."

கைடு என்பது, வாத்தியக்காரர்கள் இடம் தெரிந்து வாசிப்பதற்காகப் பாடிவைக்கும் குரல். வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள். எனக்கோ அன்று நல்ல சளி. ஏனோதானோவென்று பாடினேன். கடைசிப் பாட்டில் ‘நீ போன பிறகு’ என்று பாடிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினால், பாழாய்ப்போன தாள் ஒட்டிக்கொண்டது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைப் பிரிக்கும்வரை, டிரம்ஸ்காரன் சிரிப்பை அடக்கியபடி தட்டிக்கொண்டே இருந்தான். மற்றவர்களும் காத்திருந்தார்கள். பிறகுதான் ‘வீடு பெரிதானது’ என்று முடித்தேன். திரும்ப எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஒரிஜினலுக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. கேட்டபோதெல்லாம் அண்ணன், "இரு, மிக்ஸிங் போயிட்டிருக்கு" என்று மழுப்பினான். ஆல்பம் வெளிவந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. பாடியிருந்தவள் சர்க்கரை. சோப்பு விளம்பரங்களுக்குப் பாடுகிறவள். அந்தப் பட்டப்பெயர் நான் வைத்தது.

வயிறு எரிய எரியக் கடைசிப் பாட்டு வரை கேட்டேன். ‘நீ போன பிறகு’ என்றாள். நிறுத்தினாள். வெறும் டிரம்ஸ். நடுவில் ஒரு விசும்பல். ‘வீடு பெரிதானது.’ என் சளியைக்கூட விட்டுவைக்கவில்லை, படுபாவி.

ஊரெல்லாம் அந்த இடத்தைத்தான் மெச்சியது. அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அங்க நிறுத்துறா பாருடி, நெஞ்சை என்னவோ பண்ணுது" என்றாள்.

"அது நான்மா. தாள் ஒட்டிக்கிச்சு."

"உனக்குப் பொறாமை" என்று அம்மா அடுத்த சட்டையை எடுத்தாள்.

அண்ணன் என் முகத்தில் விழிக்கப் பல மாதம் ஆனது. வந்தவன் கையில் புதுப் பாட்டுகள்.

"தயாரிப்பாளர் ஒத்தக் கால்ல நின்னார். நான் என்ன பண்றது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவன் பாட்டுத் தாள்களை என் பக்கம் நகர்த்தினான். "இதுக்கும் நீயே கைடு பாடிடேன். நீ பாடிக் காட்டினாதான் அவளுக்குப் பிடிபடுது" என்றான். வாசல்வரை போனவன் திரும்பி, "போன தடவை மாதிரி எங்கயாவது நிறுத்திடு" என்றான்.

போனேன், பாடினேன். தாள்களை முன்பே பிரித்து வரிசையாக வைத்துக்கொண்டேன். எங்கும் நிற்கவில்லை. மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்காமல், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரு பிசிறு இல்லாமல் பாடிக்கொடுத்தேன்.

அண்ணன் இரண்டு முறை போட்டுக் கேட்டான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்னமோ குறையுது."

"நான்தாண்ணா" என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினேன்.