பின்னால் கூப்பிடக் கூடாது

சிதம்பரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கடலூர் திரும்பும் வழியில் இருந்தது அந்த மிருகக்காட்சி சாலை. பெயர்தான் பெரிது. கம்பி வேலிக்குள் பத்துப் பன்னிரண்டு மான்கள், இரண்டு மயில்கள், கண்ணாடிப் பெட்டியில் ஒரு மலைப்பாம்பு, கடைசியில் முதலைக் குளம். நாலு வயது மகள் அனுவுக்கு முதலை காட்டுவதாக மோகனப்பிரியா சொல்லிவைத்திருந்தாள். அப்பாவை வெளியே கூட்டிப்போகச் சொல்லி டாக்டரும் சொல்லியிருந்தார். "வீட்டுலயே வச்சிருக்காதீங்க. நாலு எடம் காட்டுங்க. ஆனா கண்ண எடுக்காதீங்க."

மோகனா கண்ணை எடுக்கவில்லை. அப்பா சக்கரபாணிக்கு மறதி தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. கிள்ளைப் பக்கம் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது கடலூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். போன மாதம் காலையில் வெளியே இறங்கியவர் சாயங்காலம் தண்டவாளத்தில் கிடைத்தார். கேட் கீப்பர் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கிடைத்திருக்கமாட்டார். அன்றிலிருந்து மோகனா குளிக்கும்போதுகூடக் கதவுக்குத் தாழ் போடுவதில்லை.

குளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சுவர். அதன்மேல் கம்பி நட்ட துளைகள் இருந்தன, கம்பி இல்லை. கரையில் மூன்று முதலைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தன.

"செத்துப்போச்சாப்பா?" என்றாள் அனு.

"கவர்மெண்ட் உத்தியோகம் பாப்பா. அப்படித்தான் இருக்கும்" என்றான் மோகனாவின் கணவன் அரசு. "இன்னா மாமா, சரிதான?"

சக்கரபாணி சிரித்தார். அவர் சிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மோகனாவுக்கு அந்தச் சிரிப்பும் பயமாக இருந்தது.

மான் வேலிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். அரசு டீ வாங்கப் போனான். அனு பாத்ரூம் போகணும் என்றாள்.

"அம்மா, அப்பாவப் பாத்துக்க. அஞ்சு நிமிஷம்."

"பாத்துக்கறேன், போ" என்றாள் அஞ்சம்மாள்.

திரும்பி வந்தபோது அம்மா மட்டும் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"போனாரு."

"எங்க?"

"கேக்கல."

"கூப்புட்டு நிறுத்துறதுக்கின்னா?"

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "கெளம்பிப் போறவர பின்னால கூப்புடுறதா? துண்ட ஒதறித் தோள்ல போட்டாருடி. கடலுக்குக் கெளம்பறப்ப போடுவாரே, அப்புடி." சொல்லச் சொல்ல அவள் கை துடைப்பதை நிறுத்தியது. மரத்துக்கு அப்பால் போன பாதையைக் காட்டினாள்.

அது மோகனாவுக்கும் தெரிந்ததுதான். அந்த வீட்டில் வாசல் தாண்டிய ஆம்பளையை யாரும் பின்னால் கூப்பிட்டதில்லை, எங்கே என்று கேட்டதும் இல்லை. அப்பா சோத்துத் தூக்கை மறந்துவிட்டுப் போனால் ஏழு வயது மோகனா அதை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக ஓடுவாள். முந்திப் போய், எதிரே நின்று கொடுப்பாள்.

பாதை கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் ரோட்டுக்குப் போகும் கேட். அங்கே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே பறந்தன. வலப்பக்கம் குளம்.

அரசு டீயோடு வந்தான்.

"மச்சான், அப்பாவக் காணம். நீங்க ரோட்டுக்குப் போங்க."

அவன் டீயைத் தரையில் வைத்துவிட்டு ஓடினான். அனுவை அம்மாவிடம் தள்ளிவிட்டு மோகனா குளத்துக்கு ஓடினாள்.

அங்கேதான் இருந்தார். முதுகைக் காட்டி நின்றார். படகில் ஏறப் போகிறவர் மாதிரி ஒரு கால் சுவரின் மேல் இருந்தது. கரையில் இரண்டு முதலைகள்தான் கிடந்தன. மூன்றாவதைக் காணோம்.

அவளுக்கும் அவருக்கும் இடையே இருபது தப்படி இருக்கும். 'அப்பா' என்று தொண்டை வரை வந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் தடுமாறுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது மட்டும் காரணமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

குளத்தைச் சுற்றி ஓடினாள். கருவேல முள் புடவையைப் பிடித்து இழுத்தது. இழுத்துக்கொண்டே ஓடினாள். பாதிச் சுற்றில் அவர் மறைந்து போனார். ஒரு புதர். புதரைத் தாண்டியதும் தெரிந்தார். கால் இன்னும் சுவரின் மேல்தான் இருந்தது. எதிர்க்கரையில் நின்று கையை ஆட்டினாள்.

சக்கரபாணி தண்ணீருக்கு மேலாக அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு காலை இறக்கினார்.

அவள் சுற்றி வந்து சேர்ந்ததும் அவர் கேட்டார்.

"ஏன் பாப்பா யாருமே கூப்புடல? எவ்ளோ நேரமா நிக்கறேன். எப்புடித் திரும்பறதுன்னு தெரியல. யாராச்சும் கொரல் குடுப்பீங்கன்னு பாத்தேன்."

அவள் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டுத் துண்டைச் சரிசெய்தார். முன்னால் நடந்தார். அவள் இரண்டடி பின்னால் நடந்தாள்.

பாதை கூடும் இடத்தில் தூரத்து மரத்தடியில் அம்மாவும் அனுவும் தெரிந்தார்கள். ரோட்டுக்குப் போன அரசு இன்னும் வரவில்லை. சக்கரபாணி அவர்களைக் கவனிக்காமல் கேட் பக்கம் திரும்பினார். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் நடையில் வேகம் கூடியது.

மோகனா அந்த முதுகைப் பார்த்தாள்.

"அப்பா."

மரத்தடியில் அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

அவர் நின்றார். திரும்பினார்.

"இன்னா?" என்றார்.