எதிர் ஜன்னல் கப்பி

ஸ்லாவ்கா சந்தையிலிருந்து திரும்பியபோது அவளுடைய சந்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

காயப்போட்டிருந்தார்கள் என்று சொல்வதே தப்பு. அந்தத் துணிகள் நனையவே இல்லை. வெள்ளையில் நீலக்கோடு போட்ட படுக்கை விரிப்புகள், இரண்டு சிவப்புச் சட்டைகள், ஒரு குழந்தைக் கவுன். கடையின் மடிப்புக்கூடக் கலையாமல், முதல் மாடி உயரத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இறுக்கிக் கட்டிய கயிற்றில் தொங்கின. சட்டைகளைத் தோளில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். சட்டை துவைக்கிறவர்கள் யாரும் அப்படி மாட்டமாட்டார்கள். காய்ந்ததும் தோளில் கொம்பு முளைத்த மாதிரி நிற்கும். கீழ் ஓரத்தில்தான் கிளிப் போடவேண்டும்.

ஏணியின் அடியில் வின்கோ நின்றான். நகராட்சியில் சுற்றுலா வேலைகளைப் பார்க்கிறவன். பக்கத்தில் கழுத்தில் இரண்டு கேமராக்களோடு ஒரு வெளியூர்க்காரர்.

"இது என்னடா?" என்றாள் ஸ்லாவ்கா.

"அத்தை! கொஞ்சம் ஓரமா நில்லுங்க, படத்துல விழுறீங்க."

"யார் வீட்டுத் துணின்னு கேட்டேன்."

"யார் வீட்டுதும் இல்ல, நகராட்சி வாங்கினது. ஐரோப்பாவுல பார்க்க வேண்டிய சின்ன ஊருங்கன்னு புத்தகம் போடறாங்க. நம்ம லுச்சினாவும் வருது! சந்துல துணி தொங்கினாத்தான் படத்துக்கு உயிர் வரும்னு சார் சொன்னாரு."

ஸ்லாவ்கா கீரைப் பையைத் தரையில் வைத்தாள். கையில் வைத்திருந்தால் அதாலேயே அவனை அடித்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

இதே வின்கோதான் மார்ச் மாதத்தில் சந்தின் இரண்டு முனையிலும் அறிவிப்பு ஒட்டியவன். பழைய ஊரின் சந்துகளில் துணி காயப்போடக்கூடாது, ஊரின் அழகு கெடுகிறது, மீறினால் அபராதம்.

"எந்தத் துணிக்கு உயிர் இருக்கு, எதுக்கு இல்லன்னு யாருடா முடிவு பண்றது? என் வீட்டு விரிப்பு அசிங்கம், இது அழகா?"

"அத்தை, உங்களோடது..." வின்கோ வெளியூர்க்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "கறை இருக்கும். கீழ ஓட்டல் மேஜையில சாப்பிட உட்கார்றவங்க தலைக்கு மேல அது ஆடினா எப்படி? எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்."

ஸ்லாவ்கா பையை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் படியேறினாள். அந்தக் கறை அவள் புருஷன் யெர்கோவுடையது.

யெர்கோ படகுத்துறையில் வேலை பார்த்தவன். தீவுக்குப் போய்வரும் கப்பல் கரையை நெருங்கும்போது மேல்தட்டிலிருந்து கயிறு வீசுவது அவன் வேலை. போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. அவனுக்குத் தினமும் விரிப்பு மாற்றவேண்டும். ஈரம் போகாத விரிப்பில் படுத்தால் முதுகுத்தோல் பிய்ந்துவிடும்.

லுச்சினாவில் வீட்டுக்குள் துணி காயாது. சுவர்கள் எல்லாம் ஒரு முழ அகலக் கல். கோடையிலும் உள்ளே தொட்டால் சில்லென்றிருக்கும். சந்துக்குள் வெயில் தலைக்கு நேராக வரும்போது மட்டும் எட்டிப் பார்க்கும். ஆனால் மலையிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற புரா காற்று சந்துக்குள் புகுந்தால், புனலில் ஊற்றிய தண்ணீர்போல வேகம் பிடிக்கும். அந்தக் காற்றும் சுவரோரத்தில் வீசுவதில்லை. சந்தின் நடுவில்தான் ஓடும். ஜன்னலில் நிற்கிறவள் தன் துணியை எப்படியாவது நடுச்சந்துக்கு அனுப்பியாகவேண்டும்.

அதற்குத்தான் கப்பி. இந்த ஜன்னலுக்கு வெளியே ஒன்று, எதிர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒன்று. கயிற்றை இரண்டையும் சுற்றிப் போட்டு நுனிகளை முடிச்சிட்டால் மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு. கீழ்க் கயிற்றில் துணியை மாட்டி மேல் கயிற்றைத் தன் பக்கம் இழுத்தால் துணி தானாக நகர்ந்து வெளியே போகும். மாட்டு, இழு, மாட்டு, இழு. நின்ற இடத்திலிருந்து அசையாமல் ஒரு கூடைத் துணியையும் வானத்தில் ஏற்றிவிடலாம். இதில் ஒரு விஷயந்தான், பாதிக் கொடி எப்போதும் அடுத்தவர் சுவரில் இருக்கும். எதிர் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனவர்களுக்குக் கொடி கிடையாது.

எதிர் வீட்டு பெரினாவும் ஸ்லாவ்காவும் கொடி விஷயத்தில் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் போட்டார்கள். ஒருத்தி துணி எடுத்தபிறகு மற்றவளுக்காகக் கயிற்றில் சில கிளிப்புகளை விட்டுவைப்பது வழக்கம்.

யெர்கோ படுத்தபிறகு ஸ்லாவ்கா அவன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அவள் துணியை மாட்டுவாள். அவன் இடது கையால் மேல் கயிற்றை இழுப்பான். அந்த வீட்டில் அவனுக்கு மிஞ்சியிருந்த வேலை அதுதான். "கப்பல் கெளம்புது!" என்று கத்துவான் ஒவ்வொரு விரிப்புக்கும்.

குளிர்காலத்தில் பெரினா இறந்துபோனாள். அவளுடைய தம்பி மகன் ஷிமே வெளியூரிலிருந்து வந்து வீட்டுக்கு வெள்ளையடித்து, நாள் வாடகைக்கு விட்டான். கப்பியைக் கழற்றிக் குப்பையில் போட்டான். ஸ்லாவ்கா அதைக் குப்பையிலிருந்து எடுத்து வந்தாள். இரண்டு மாதமாக விரிப்புகள் சமையலறை நாற்காலிகளில் காயாமல் புளித்த நாற்றமடிக்கின்றன. யெர்கோவின் இடுப்பில் காசளவு சிவப்பு விழுந்திருக்கிறது.

"கீழ என்ன சத்தம்?" என்றான் யெர்கோ, அவள் உள்ளே நுழைந்ததும்.

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தின் அசைகிற பாதி சிவந்தது.

"கட்டின கயித்துலயா? கப்பி இல்லாமயா? நடுவுல மாட்டறதுக்கு ஏணியா வெச்சானுங்க? முட்டாப் பசங்க."

"அதுதான் இப்ப கவலையா உனக்கு?"

"கப்பிக்கு எண்ணெ போட்டு வெச்சிருக்கேன்டி. தலையணைக்குக் கீழ பாரு."

அவள் பார்த்தாள். பெரினாவின் கப்பி பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுழன்றது. ஒற்றைக் கையால் எப்போது இதைச் செய்தானோ. அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு எதிர் வீட்டு மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் அங்கே தங்கியிருந்த வடக்குத் தேசத்துப் பெண். தோள் இரண்டும் வெந்து சிவந்திருந்தன. பின்னால் அவள் புருஷன். மே மாதக் கடலில் குளிக்கிற ஆட்கள். பாஷை புரியாது. ஸ்லாவ்கா கப்பியைத் தூக்கிக் காட்டி, ஜன்னலைக் காட்டி, அனுமதிக்குக் காத்திராமல் உள்ளே நடந்தாள்.

ஷிமே வெள்ளையடித்த அறை முழுவதும் ஈரம். நாற்காலி முதுகில் துண்டு, கட்டில் விளிம்பில் துண்டு, மேஜை விளக்கின் மேல் நீச்சல் உடுப்பு. கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"நல்லா வேணும்டா ஷிமே," என்றாள் ஸ்லாவ்கா சத்தமாக.

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். கொக்கி அங்கேயே இருந்தது. இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கல்லைக் குடைந்து, கொக்கியை நட்டு, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றிவிடுவார்கள். அதைப் பிடுங்கவேண்டுமானால் சுவரையே பிடுங்கவேண்டும். ஷிமே அதன்மேலும் வெள்ளையடித்திருந்தான். கப்பியை மாட்டினாள்.

"யெர்கோ! வீசு!"

கட்டிலில் சாய்ந்தபடி யெர்கோ, தன் ஜன்னல் கப்பியில் கிடந்த கயிற்றின் நுனிகள் இரண்டையும் சேர்த்து முடிந்த உருண்டையை இடது கையால் வீசினான். பழக்கமில்லாத கை. உருண்டை பாதி வழியில் சரிந்து வின்கோவின் காலடியில் விழுந்தது.

"மேல என்ன நடக்குது?" என்று வின்கோ கத்தினான்.

"கப்பல் வருது, வழி விடுடா!" யெர்கோ கயிற்றைத் திரும்ப இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வீசினான். ஸ்லாவ்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கப்பியைச் சுற்றி இழுத்து முடிந்தாள். மேலங்கிப் பையில் கிடந்த கிளிப்புகளைப் பழக்க தோஷத்தில் கயிற்றில் மாட்டிவிட்டு இறங்கினாள்.

வழியில் படியேறி வந்த வின்கோ மூச்சு வாங்க அவளைத் தாண்டி ஓடினான். அவள் நிற்கவில்லை. தன் வீட்டுக்கு ஏறி, வாளியில் துவைத்து வைத்திருந்த முதல் விரிப்பைப் பிழியாமலேயே எடுத்துக் கீழ்க் கயிற்றில் கிளிப் போட்டாள். யெர்கோ இழுத்தான். விரிப்பு ஒரு முழம் நகர்ந்து நின்றது.

எதிர் ஜன்னலில் வின்கோ மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, புரிஞ்சுக்குங்க! படம் எடுத்து முடியட்டும். அப்புறம் குளிர்காலத்துல போட்டுக்கலாம்!"

"குளிர்காலம் வரைக்கும் அவனை நனையாம இருக்கச் சொல்லட்டுமாடா? வந்து நீயே சொல்லு!"

ஒரு கயிற்றைப் பிடித்தால் இரண்டும் நிற்கும். கொடியின் கணக்கு அது. யெர்கோ இழுத்தான், வின்கோ இழுத்தான். விரிப்பு நின்ற இடத்திலேயே சொட்டியது. யெர்கோவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்லாவ்கா கை கொடுக்கப் போனாள்.

"தொடாத!" என்றான் அவன்.

அப்போது வின்கோவுக்குப் பின்னாலிருந்து வடக்குப் பெண் வந்தாள். அவன் தனக்காகத்தான் கயிற்றைப் பிடித்து நிற்கிறான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. மலர்ந்து சிரித்து அவன் தோளைத் தட்டினாள். கயிற்றிலிருந்த கிளிப்புகளை எடுத்து, தன் நீச்சல் உடுப்பை மேல் கயிற்றில் மாட்டினாள். பிறகு புருஷனுடைய கால்சட்டையை. தெரியாதவள், கீழ்க் கயிற்றில்தான் மாட்டவேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை.

வின்கோ, ஸ்லாவ்கா கண்ணாரப் பார்க்க, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான். தலையாட்டினான். கயிற்றை விட்டான்.

யெர்கோ இழுத்தான். விரிப்பு நடுச்சந்துக்குப் போய்க் காற்றைப் பிடித்துக்கொண்டு உப்பியது. நீச்சல் உடுப்பும் எதிரிலிருந்து வந்து அதன் பக்கத்தில் ஆடியது. விரிப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர் நகராட்சியின் நீலக்கோட்டு விரிப்புகள்மேல் கொட்டியது. கீழே கேமராக்காரர் தலையை நிமிர்த்தி, இதைத்தான் தேடிவந்தவர்போல அடுத்தடுத்துப் படமெடுத்தார்.

"பார்த்தியாடி?" யெர்கோ மூச்சிரைத்துக்கொண்டே சிரித்தான். "ஜெயிச்சாச்சு."

"எது ஜெயிச்சுது?" என்றாள் ஸ்லாவ்கா. ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்கக் கத்தினாள். "வின்கோ! அவகிட்ட அபராதம் கேளுடா!"

"அத்தை, அவங்க நம்ம விருந்தாளி..."

"அப்ப நான் யாருடா?"

வின்கோ ஜன்னலிலிருந்து பின்வாங்கி மறைந்தான். எதிர் வீட்டுப் படிகளில் அவன் இறங்குகிற சத்தம் கேட்டது.

"சொல்லிட்டுப் போடா! நான் யாரு இந்த ஊர்ல?"

சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். அவள் குனிந்து வாளியிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்தாள். பெரிய கறை உள்ளது அதுதான். எத்தனை துவைத்தும் போகவில்லை. கறை சந்தைப் பார்த்து இருக்கும்படி திருப்பி, ஒவ்வொரு கிளிப்பையும் அழுத்தி மாட்டினாள்.

"இழு," என்றாள்.