முன்னுக்கு இருங்கோ, மாமி

நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ மாமி என்கிறேன் நான், இல்லைப் பிள்ளை நீ ஏறு என்கிறார் மாமி, காரின் முன்கதவு எங்கள் இருவருக்கும் நடுவில் வாயைத் திறந்தபடி நிற்கிறது, மழை தூறுகிறது, புத்தம்புதிய இருக்கையில் துளிகள் விழுகின்றன, ஐயோ மாமி உங்களுக்கு முழங்கால் நோவெல்லே முன்னுக்கெண்டாத்தான் காலை நீட்டலாம் என்கிறேன், கிழவியை எங்க போட்டாலும் கிடக்கும், நீ புருசனுக்குப் பக்கத்தில இரடியம்மா என்கிறார், என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார், ஆரெண்டாலும் ஒராள் ஏறுங்கோப்பா, சீற் நனையுது, நான் சிரிக்கிறேன், மனதுக்குள் கணக்கு ஒன்று ஓடுகிறது, இன்னும் ஒரேயொரு தரம் நான் சொல்லவேண்டும், மாமி இன்னும் ஒரேயொரு தரம் மறுப்பார், அதற்குப் பிறகு, சரி மாமி நீங்கள் இவ்வளவு சொல்லுறியள் என்று நான் ஏறிக்கொள்ளலாம், ஆகவே முகம் நிறைய அன்போடு சொன்னேன், நீங்கள் முன்னுக்கு இருந்தாத்தான் மாமி எனக்குச் சந்தோசம், மாமி என்னை ஒரு கணம் பார்த்தார், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார், குனிந்து முன்னிருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பத்து வருடம் நான் அந்தக் காரின் பின்னிருக்கையில் இருந்தேன்.

எங்கள் வீடுகளில் அப்படித்தான், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும், இரண்டாவது தரமும் வேண்டாம், மூன்றாவது தரம் கேட்டால் வாங்கிக் குடிக்கவேண்டும், குடிக்காவிட்டால் கேட்டவர் முகம் கறுத்துவிடும், ஊரை விட்டு எத்தனை கடல் தாண்டி வந்தும் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கார்க் கதவுக்கு முன்னாலும் அந்தச் சட்டம்தான் நடந்தது, மூன்றாவது தரத்தை நான் சொல்லிவிட்டேன், மாமி ஏறிவிட்டார், இதில் யாரைக் குற்றம் சொல்வது, முதல்நாள் இருந்த இடம் இரண்டாம்நாள் வழக்கமாகிவிடும், ஒரு மாதத்தில் உரிமையாகிவிடும், பிறகு அது மாமியின் சீற், அவரது குளிர்க்கண்ணாடி அங்கே, மூக்குப்பொடி டப்பி போன்ற ஒரு தைலக் குப்பி அங்கே, திருநீற்றுப் பொட்டலம் அங்கே, நான் மாமிக்குப் பின்னால், என் பக்கத்தில் எட்டு வயது மகள் மதுரா, அவளது பள்ளிக்கூடப் பை, அவளது நொறுக்குத்தீனி, அவளது ஏன் எதற்கு எப்போது, அந்த இடத்திலிருந்து பார்த்தால் கணவருடைய வலது காது தெரியும், கன்னத்தில் கொஞ்சம் தெரியும், கண்ணாடியில் கண் தெரியும், அவ்வளவுதான், ஒரு மனுசனின் காதோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தியவள் நானாகத்தான் இருப்பேன், காதோரத்து முதல் நரையை அவருக்கு முன்பே நான் கண்டேன், அவர் கோபமாக இருந்தால் காதுமடல் சிவப்பதை, பழைய பாட்டு வந்தால் தலை மெல்ல ஆடுவதை, எல்லாம் கண்டேன், ஆனால் கியர்மேல் கிடக்கும் அந்தக் கைமேல் ஒருநாள் கை வைக்கவேண்டும் என்றால் எட்டாது.

அது டீசல் கார் வேறு, கடகடவென்று ஒரு சத்தம், முன்னுக்கு ஏதும் சொன்னால் பின்னுக்குப் பாதிதான் வரும், நேற்று நான் உம்மட, என்று கேட்கும், மிச்சத்தை இயந்திரம் தின்றுவிடும், என்னப்பா சொன்னனீங்கள் என்று கத்துவேன், ஒண்டுமில்லை என்று அவரும் கத்துவார், ஒன்றுமில்லாததைக் கத்திச் சொல்ல என்ன இருக்கிறது, இருவருக்கும் களைத்துவிடும், பேச்சு நின்றுவிடும், ஆனால் அவருக்கு அந்தக் கார்மேல் அப்படியொரு பெருமை, கோயிலில் காரை நிறுத்திவிட்டு நாலு பேருக்காவது சொல்லாமல் உள்ளே வரமாட்டார், இது பழைய டீசல் மாதிரியில்லை அண்ணை, புகையே இல்லை, சுத்தமான டீசல், நீங்கள் பின்னுக்கு நிண்டு மூச்செடுத்துப் பாருங்கோ, பாவம் ஒருவர் உண்மையாகவே குனிந்து மூச்செடுத்துப் பார்த்தார், வேட்டியும் சந்தனமுமாக, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் கம்பனியிலிருந்து அறிவித்தல் வந்தது, புகை பற்றி நாங்கள் சொன்னது சரியில்லை, காரைத் திருப்பித் தந்தால் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், அவர் அதை வாசித்துவிட்டு வெளியே போய்க் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார், துரோகம் செய்த சிநேகிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தார், அந்தக் கிழமை கோயிலில் எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது, என்ன கஜேந்திரன், உங்கட காராலதானாம் இந்த வருசம் ஸ்னோ குறைவு, என்றார் அந்த மூச்செடுத்த மனுசன், இவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது, நான் பார்த்தேன்.

எனக்கோ, வெளியில் சொன்னால் வெட்கம், நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோசம், கார் போகிறது என்றால் அதன் இருக்கைகளும் போகின்றன, வழக்கமும் போகிறது, புதுக்கார் என்றால் புதுக்கதவு, இந்தமுறை கேட்டுவிடவேண்டும், இப்போது கேட்காவிட்டால் இன்னும் பத்து வருடம், அதற்குள் எங்களுக்கு அறுபது வந்துவிடும், மதுரா ஒட்டாவாவுக்குப் படிக்கப் போனபிறகு பின்னிருக்கையில் நான் தனி, என் பக்கத்தில் என் கைப்பையை இருத்தி வைத்திருக்கிறேன், வாடகைக்காரில் போகிற பயணிபோல் என் சொந்தக் குடும்பத்தோடு போகிறேன், ஆனால் எப்படிக் கேட்பது, மாமியை எழுப்பிப் பின்னுக்கு அனுப்பச் சொல்லி எந்த மருமகள் கேட்பாள், கேட்டால் அது இருக்கைக்கான கேள்வியாகவா இருக்கும், ஊர் முழுக்க எத்தனை கதையாகும், இந்தமுறை உம்மட விருப்பம்தான், என்றார் அவர், சமையலறை மேசையில் படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, உமக்கு என்ன வேணும் எண்டு சொல்லும், நான் அவர் முகத்தைப் பார்த்தேன், முழு முகத்தை, வாய் வரைக்கும் வந்தது, எனக்கென்னப்பா, எதுவெண்டாலும் சரி என்றேன், எதுவெண்டாலும் எண்டு ஒரு கார் இல்லையப்பா என்றார், நிறமாவது சொல்லும், நீலம் என்றேன், எனக்கு வேண்டியது காருக்குள் ஓர் இடம், நான் கேட்டது ஒரு நிறம்.

பிறகு மூன்று சனிக்கிழமைகள் கார் பார்த்தோம், பார்த்தது அவர், மறுத்தது மாமி, முதல் கார் உயரம், ஏற ஏணி வேணும் தம்பி, இரண்டாவது தாழ்வு, குழிக்குள்ள இறங்கினமாதிரிக் கிடக்கு, மூன்றாவது நல்லாய்த்தான் கிடக்கு, ஆனா என்னவோ எனக்குப் பிடிக்கேல்லை, ஒவ்வொரு காரிலும் முன்னிருக்கையில் ஏறி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, மருத்துவரிடம் வாயைத் திறக்கப் போகிறவர்போல் இருப்பார், இறங்குவார், தலையை ஆட்டுவார், அம்மா உங்களுக்காகத்தானே பாக்கிறம், என்னதான் வேணும் சொல்லுங்கோவன் என்று அவர் கெஞ்சினார், எனக்கென்ன தம்பி, எதுவெண்டாலும் சரி என்றார் மாமி, நான் திரும்பிப் பார்த்தேன், அது என் வசனம், மாமியின் வாயிலிருந்து வருகிறது, அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

பக்கத்து நகரமான மார்க்கத்தில் கடைசியாகப் போன கார்க்கடையில் துஷ்யந்தன் என்று ஒரு தமிழ்ப் பொடியன் விற்பனைக்கு நின்றான், வாங்கோ அம்மா, வாங்கோ அக்கா என்று வாய் ஓயாதவன், நீல நிற ஹைபிரிட் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான், ஓடிப் பாருங்கோ அண்ணை, ஓடுறதே தெரியாது, வழமைபோல் மாமி முன்னுக்கு, நான் மாமிக்குப் பின்னுக்கு, என் மறுபக்கத்தில் துஷ்யந்தன், கார் புறப்பட்டது, சத்தமே இல்லை, அப்படியொரு அமைதிக்கு நான் பழக்கப்பட்டிருக்கவில்லை, அவர் மூச்சுவிடுவது கேட்டது, மாமியின் வளையல் கேட்டது, நான் துப்பட்டாவை இழுத்துவிட்டதுகூடக் கேட்டது, சிவப்பு விளக்கில் நின்றபோது துஷ்யந்தன் முன்னுக்கு எட்டி, கண்ணாடியில் ஏதோ விளங்கப்படுத்தப் போனவன், என்ன அண்ணை கண்ணாடியை இப்பிடி வைச்சிருக்கிறியள், பின்னால வாற வாகனம் ஒண்டும் தெரியாதே, அக்காதான் தெரியிறா என்றான், அவன் அதைத் திருப்பக் கை வைக்கப் போக, அவர் தடுத்தார், விடும் தம்பி, பக்கக் கண்ணாடியில பாத்து ஓடுவன், பத்து வருசமாய் அப்பிடித்தான், என்றார், அவ்வளவு மெல்லிய குரலில், டீசல் காராக இருந்திருந்தால் இயந்திரம் தின்றிருக்கும், இந்தக் காரில் ஒவ்வொரு சொல்லும் பின்னிருக்கைக்கு வந்து சேர்ந்தது, காது சிவந்திருந்தது, அது கோபத்துக்கு மட்டும் சிவப்பதில்லையா, நான் வெளியே பார்த்தேன், பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது, கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம், எனக்கு முகம் சூடேறியது, கண்ணாடியில் அவர் கண்ணை நான் திருடிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேனே, எனக்காகத் திருப்பி வைத்த கண்ணாடியில் என்ன திருட்டு.

அவரும் துஷ்யந்தனும் கதைக்க உள்ளே போனார்கள், மாமி இறங்கினார், முன்கதவைச் சாத்தினார், பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து ஏறினார், செருப்பைக் கழற்றினார், நோவில்லாத காலை மட்டும் மடக்கிச் சம்மணம்போல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அப்பாடா என்று சாய்ந்தார், என்ன மாமி என்றேன், இதெல்லோ பிள்ளை இருக்கை, வீட்டு விறாந்தைமாதிரி, முன்னுக்கு இருக்க எனக்கு உயிர் போகுது, அந்தப் பெரிய லொறியள் எல்லாம் முகத்துக்கு நேர வாறமாதிரி, நான் ஹைவேயில ஏறினா இறங்கும்வரைக்கும் கண்ணைத் திறக்கிறேல்லை, என்னால் நம்ப முடியவில்லை, நீங்கள் நித்திரை எண்டெல்லோ நாங்கள் நினைச்சம், நித்திரையோ, கந்தசஷ்டி விரதத்திலகூட அவ்வளவு கும்பிட்டிருக்க மாட்டன், அப்ப ஏன் மாமி பத்து வருசமாய்ச் சொல்லேல்லை, மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார், நீதானே பிள்ளை அவ்வளவு ஆசையாய் முன்னுக்கு இருங்கோ எண்டனி, மூண்டுதரம் சொன்னனி, பிறகு நான் மறுத்தா நல்லாயிருக்குமோ, பேசாமல் இருந்து பிறகு யோசிச்சன், இவள் ஏன் இவ்வளவு வில்லங்கமாய் என்னை முன்னுக்கு இருத்துறாள், அவனோட ஏதும் கோவமாக்கும், பக்கத்தில இருக்க விருப்பமில்லையாக்கும், குடும்பம் குழம்பாமல் இருக்கட்டும், நான் இடையில இருப்பம் எண்டு.

ஐயோ மாமி, என்றேன், சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண் நிறைந்தது, மாமியும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு பேரும் யாரோ ஒருவரின் காரின் பின்னிருக்கையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம், எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது, ஒருவரும் எனக்கு எதையும் மறுக்கவில்லை, ஒருவரும் என் இடத்தைப் பறிக்கவில்லை, நான் கொடுத்தேன், மாமி என் முகத்துக்காக வாங்கிக்கொண்டார், நீங்கள் அவரிட்டச் சொல்லுங்கோ மாமி, என்றேன், மாமி தலையை ஆட்டினார், நான் சொன்னா அம்மா சொன்னதுக்காக எண்டு உன்னை முன்னுக்கு இருத்துவான், உனக்கு வேணுமெண்டா நீயே கேள், உன்ர புருசனிட்டைக் கேக்க உனக்கென்ன வெக்கம்.

என்ன வெட்கம் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இருந்தது, ஒரு கிழமை இருந்தது, இரவு படுக்கையில், காலை கோப்பியில், கேட்கலாம் கேட்கலாம் என்று அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு திரிந்தேன், கேட்டதெல்லாம் உப்புக் கூடவோ, மதுரா போன் எடுத்தவளோ, இன்று காலை டீசல் காரைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், கம்பனியின் ஆள் ஒருவன் திறப்பை வாங்கிக்கொண்டு அதை மற்றக் கார்களின் வரிசையில் விட்டான், அவர் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை, போகட்டும், நல்லாய் உழைச்சது, பொய்தான் சொல்லிப்போட்டுது, என்றார், இப்போது மார்க்கத்தில் நிற்கிறோம், நீலக் கார் கழுவித் துடைத்து நிற்கிறது, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, மாமி கும்பிட்டாயிற்று, துஷ்யந்தன் படம் எடுத்தாயிற்று, அவர் சுற்றி வந்து முன்கதவைத் திறக்கிறார், அம்மா வாங்கோ, காலைப் பாத்து வையுங்கோ, மாமி அசையவில்லை, தன் முழங்கை என் முழங்கையில் இடிக்க நிற்கிறார், வானத்தைப் பார்க்கிறார், வாய்க்குள் சிரிக்கிறார், கணவர் காத்திருக்கிறார், கதவு திறந்தபடி இருக்கிறது, உள்ளே மழைத்துளி ஒன்றும் விழவில்லை, நல்ல வெயில், நாக்கு பழைய உபசாரத்தை எடுத்து நீட்டப் பார்க்கிறது, மாமி நீங்கள், என்று ஒரு மூச்சு வெளியேயும் வந்துவிட்டது, அதை விழுங்கினேன், அவர் முகத்தை நேராகப் பார்த்தேன், காதை அல்ல, கண்ணாடிக்குள் அல்ல, இஞ்சேருங்கோ என்றேன், என்ன என்றார், என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது, நான் முன்னுக்கு, உங்களுக்குப் பக்கத்தில இருக்கட்டே?