எழுபத்து நாலு கையெழுத்து

டீச்சர் நோட்டைத் திருப்பி எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கமாக வைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் தட்டிக்கொண்டே போனாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

பார்த்தால் அவளுடையதுதான். அதே சாய்ந்த 'ம', கடைசி எழுத்திலிருந்து வால் மாதிரி இழுத்துவிட்ட அதே கோடு, கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி. ஆனால் அவள் போட்டதில்லை. இந்த நோட்டையே அவள் பள்ளி திறந்த வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் திறந்து பார்க்கிறாள்.

அது வாசிப்பு நோட்டு. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் வீட்டில் பத்து நிமிஷம் சத்தம்போட்டு வாசிக்க வேண்டும். உட்கார்ந்து கேட்டவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுபத்து நாலு நாள், எழுபத்து நாலு கையெழுத்து. ஒருநாள்கூட விடுபடவில்லை.

"நேத்து அவளைத் தனியா கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்," என்றாள் டீச்சர். "மூணு வார்த்தை தாண்டல. கேட்காமலே கையெழுத்துப் போடறதுக்கு எதுக்கும்மா ஒரு நோட்டு?"

அறைக்கு வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆறரை வயது. ஆள் சின்னது, காரம் அதிகம் என்பதால் வீட்டில் கடுகு என்று பெயர். நான் போடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீச்சர் அடுத்த நிமிஷம் கடுகை உள்ளே கூப்பிடுவாள்.

"ஆமா. நான்தான் போட்டேன்," என்றாள் அம்மா.

வேலைக்குப் போகிற அம்மாக்கள் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லி டீச்சர் நோட்டை மூடினாள். அந்த 'இப்படித்தான்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து வந்துவிட்டாள். வீடு வரும்வரை மகளின் மணிக்கட்டை விடவில்லை. கடுகு வலிக்கிறது என்று ரெண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஓட்டமும் நடையுமாகக் கூடவே வந்தாள்.

உள்ளே நுழைந்ததும் மேசையில் ஒரு தாளையும் பேனாவையும் போட்டு, "போடு, பார்க்கறேன்," என்றாள்.

கடுகு தயங்கவே இல்லை. நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு ஒரே இழுப்பில் போட்டாள். வாலும் வந்தது, ரெண்டு புள்ளியும் வந்தது.

"எதுக்குடி இப்படிப் பண்ணின?"

"நீ அப்புறம்னு சொன்ன. அப்புறம் தூங்கிட்ட. கையெழுத்து இல்லன்னா டீச்சர் நிக்க வைப்பாங்க."

அம்மாவுக்கு வேலை ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காதில் ஹெட்போன் மாட்டினால் எட்டு மணி நேரம், யார் யாரோ திட்டுவார்கள். துணி கிழிந்ததற்கும் தண்ணீர் வராததற்கும் அவள்தான் காரணம் என்பது போலப் பேசுவார்கள். குரலை உயர்த்தக் கூடாது. பெருமூச்சுகூட விடக் கூடாது, அதையும் பதிவு செய்து வைத்துக் கேட்பார்கள். வீட்டுக்கு வரும்போது யார் பேசினாலும் சுள்ளென்று வரும். நோட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளை பின்னாலேயே வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. எத்தனை நாள் என்றுதான் ஞாபகம் இல்லை.

கணவன் டைல்ஸ் போடுகிறவன். சாயங்காலம் அவன் வந்து, விரல் இடுக்கில் காய்ந்த சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஒருநாள் பார்த்தேன் என்றான். மேசைக்கு அடியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தாளாம். "அச்சு அசலா உன்னை மாதிரியே போட்டா. கெட்டிக்காரின்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

"சிரிச்சுட்டு விட்டுட்டீங்க."

"சின்னப் பிள்ளைதானே…"

அவள் கையில் இருந்த டம்ளர் தொட்டிக்குள் போய் விழுந்த சத்தத்தில் கடுகு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அங்கே ஒருத்தி முன்னால் குற்றவாளி மாதிரி நின்றுவிட்டு வந்திருக்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வந்ததா என்று கேட்டாள். பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்பதை அப்பனும் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை, ஏமாற்றத் தெரிகிறது என்று பெருமைப்பட மட்டும் ஆள் இருக்கிறது என்றாள். இன்னும் என்னென்னவோ. அவன் கையைத் துடைக்கக்கூட மறந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான்.

மறுநாளிலிருந்து அவளே பாடம் எடுக்க உட்கார்ந்தாள். சாயங்காலம் ஐந்தரை மணி, சாப்பாட்டு மேசை, படப் புத்தகம். கோபத்தோடு ஆரம்பித்தது கோபத்தோடுதான் நடந்தது.

முதல் பக்கத்தில் ஒரு வாத்து. கீழே 'வாத்து குளத்தில் நீந்தியது' என்று எழுதியிருந்தது. கடுகு படத்தைப் பார்த்து, "வாத்து தண்ணியில போகுது," என்று கணீரென்று வாசித்தாள். அம்மா படத்தை உள்ளங்கையால் மூடினாள். கடுகின் குரல் அதோடு நின்றுவிட்டது. முதல் எழுத்து என்ன என்று கேட்டால், ககர வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாட்டாக எல்லாம் தெரியும். நடுவிலிருந்து ஒரு எழுத்தைப் பிடுங்கிக் காட்டினால் தெரியாது. ரகரத்தையும் துணைக்காலையும் ஒன்று என்பாள். ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழியை எண்ணுவாள், எண்ணி முடிப்பதற்குள் வார்த்தை மறந்துவிடும்.

"இப்பத்தானே சொன்னேன்? ஒரு நிமிஷம் ஆகல. எங்க வெச்சிருக்க மூளையை?"

நாலைந்து நாளில் கடுகு புது வித்தை ஒன்று கற்றுக்கொண்டாள். பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு எழுத்தைச் சொல்வாள். புருவம் சுருங்கினால் உடனே வேறு எழுத்து. சுருங்கவில்லையென்றால் அதையே சத்தமாக இன்னொரு தரம் சொல்வாள். அம்மாவுக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த அன்றைக்குத்தான் கை நீண்டுவிட்டது. தோளில் ஒரு அடி. பலமான அடி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடுகு அழவில்லை. பக்கத்தைத் திருப்பி, "அடுத்து?" என்றாள். அழுதிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்குக் கடுகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வயிறு வலி என்றாள். அம்மா கதவைத் தட்டினாள், பிறகு குத்தினாள்.

கணவன் வந்து நடுவில் நின்றான். அவன் பொதுவாகக் குறுக்கே வருகிற ஆள் இல்லை.

"எவனோ துணி கிழிஞ்சிருச்சுன்னு கத்தினா அவனுக்கு அவ்வளவு பொறுமையா பதில் சொல்ற. அதுல கால்வாசி இவளுக்குக் குடேன்."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், இந்தப் பொறுமைக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளும் கேட்டிருப்பாள். "அப்ப நீங்களே உக்காருங்க. என்னையே எத்தனை நாள் சொல்வீங்க?" என்று மட்டும் சொன்னாள். சரி, உட்காருகிறேன் என்றான். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, ஒரு தாளில் தன் கையெழுத்தைப் போட்டுக் கதவின் அடியில் தள்ளினாள்.

"கடுகு, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

"உன் கையெழுத்து."

"அது தெரியும். படி."

உள்ளே தாள் சரசரத்தது. "அதைப் படிக்க முடியுமா?"

எழுபத்து நாலு தடவை அம்மாவின் பெயரை எழுதிய பிள்ளைக்கு அது எழுத்து என்றே தெரியாது. கொக்கி, வளைவு, கோடு, வால். அப்படித்தான் வரைந்திருக்கிறாள். அம்மாவுக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது, ஆனால் இந்தத் தடவை அதைப் பிள்ளை மேல் போட முடியவில்லை. தாழ்ப்பாள் திறந்தது. ரெண்டு பேரும் குளியலறை வாசலில் கிடந்த ஈரக் கால்மிதி மேலேயே உட்கார்ந்தார்கள். முதல் எழுத்தைத் தவிர மற்றதை விரலால் மறைத்து, அது என்ன என்று சொன்னாள். பிறகு அடுத்தது. கடுகு மூன்று எழுத்தையும் சேர்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்து, அது தனக்குத் தெரிந்த பெயராக வந்து நின்றதும் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொன்னால் பொய். அம்மா ஒருநாள், அப்பா ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். படப் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு வீட்டில் இருக்கிறவர்களின் பெயர், சோப்பு உறை, பஸ்ஸின் நெற்றிப் பலகை என்று ஆரம்பித்தார்கள். அப்பா முறை வருகிற நாளில் பாதி நேரம் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவளுக்கு அதிலும் எரிச்சல் வரும். கை நீளவில்லை, ஆனால் இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடுகின் பையிலிருந்து அந்த வாசிப்பு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. கடுகு போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக். அதுவும் எழுபத்து நாலு.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். டீச்சர் வராந்தாவில் நின்று ஒரு கையில் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இந்த எழுபத்து நாலு கையெழுத்தும் நான் போட்டது இல்ல. என் பொண்ணு போட்டது," என்றாள் அம்மா. "அன்னிக்கு பொய் சொன்னேன். அவளை நீங்க எதுவும் கேக்கக் கூடாது, கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க. நான் கேட்காம விட்டேன், ஒத்துக்கறேன். ஆனா இந்த டிக் எல்லாம் யார் போட்டது? நீங்க ஒருநாளாவது அவ வாசிச்சுக் கேட்டீங்களா?"

டீச்சரின் முகம் சிவந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"நாப்பத்தாறு பிள்ளைங்க. ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம்னு வெச்சா என் நாள்ல பாதி போயிடும். மீதி பாடத்தை யார் நடத்துவா? வீட்ல பார்த்துப்பாங்கன்னுதான் நோட்டையே கொடுக்கறாங்க. நான் கேட்டா கொடுத்தாங்க?"

"ஸ்கூல்ல பார்த்துப்பாங்கன்னுதான் நாங்களும் அனுப்பறோம்."

ரெண்டு பேரும் கொஞ்சநேரம் முறைத்துக்கொண்டே நின்றார்கள். விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒருத்தரும் இல்லை. மணி அடித்ததும் டீச்சர் நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் கடுகைத் தன்னிடம் வந்து வாசிக்கச் சொல்லுங்கள் என்றாள். அன்றைக்கு 'எல்லாரும் இப்படித்தான்' என்றதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவும் நன்றி சொல்லவில்லை. ஆனால் டீச்சர் தான் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள், ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம். கடுகு மேசையில் தனியாக ஒரு கதைப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள், ஆனால் வாசித்தாள். 'கொக்கு' என்ற இடத்தில் வண்டி நின்றது. அம்மா வாயைத் திறக்காமல் ஒரு தட்டை ரெண்டாவது தரம் துலக்கினாள்.

பட்டென்று புத்தகம் மேசையில் அறைபட்டது.

"இதைப் பாரும்மா. கொம்பு முன்னாடி இருக்கு. சத்தம் பின்னாடி வருது. கால் வேற தனியா நிக்குது. யார் இப்படிப் பண்ணினது? அவங்களைக் கூப்பிடு, நான் பேசணும்."

முகம் சிவந்து, மூக்கு விடைத்திருந்தது. அந்த முகத்தில் பயத்தைத் தேடினாள் அம்மா. சொட்டுக்கூட இல்லை. நல்ல முழுக் கோபம், அதுவும் எழுத்தின் மேல்.

"யாருன்னு எனக்கும் தெரியாதுடி," என்றாள். "தெரிஞ்சா நானும் வர்றேன். இப்ப படி."

கடுகு ஒரு முறை உறுமிவிட்டு, புத்தகத்தைத் திருப்பி எடுத்து, விட்ட இடத்தில் விரலை வைத்தாள்.