வெர்னாவின் துப்பாக்கிக் கீறல்கள்

வெர்னா டாலெஃப்சனின் வேட்டைத் துப்பாக்கி மேல் எனக்குப் பல வருஷமாக ஒரு கண். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. சுட்டபின் அடுத்ததைக் கையால்தான் போட வேண்டும். அதன் மரப்பிடியின் அடியில் வரிசையாக இருந்த கத்திக் கீறல்கள்தான் என்னைப் போட்டுக் குடைந்தன. எங்கள் மொன்டானா பள்ளத்தாக்கில் அவரைப் போல எல்க் மான் அடித்தவர் யாரும் இல்லை. அடித்த மானுக்கு ஒரு கீறல் என்றார்கள் சிலர். இல்லவே இல்லை, கரடிக்கு மட்டும்தான் என்று பாரில் ஒருவன் சத்தியமே செய்தான்.

வெர்னாவுக்குத் தோள்வலி வந்த பிறகு, இந்த இலையுதிர் காலத்தில்தான் ஒருவழியாக விற்கச் சம்மதித்தார். பணத்தைக் கொடுத்த கையோடு துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினேன்.

“இப்பவாவது சொல்லுங்கக்கா. மானா, கரடியா?”

“முதல்ல சுடுப்பா. அப்புறம் சொல்றேன்.”

வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு இரும்புத் தகடு தொங்கியது. தோட்டாவைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். என் தோள் அதிர்ந்தது, தகடு அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் புழுதிதான் எழும்பியது.

வெர்னா சிரிக்கவில்லை. பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்து, விரித்து, என்னிடம் நீட்டினார்.

“இது எதுக்குக்கா?”

“அடிச்சதையெல்லாம் தின்னாச்சு, அதுக்கு எதுக்குக் கணக்கு? குறி தப்பினதுக்குத்தான் கீறல். உன்னோடதக் கொஞ்சம் தள்ளிப் போடு. என்னோடதோட சேத்துடாத.”